பதினொன்றோடு நிறுத்து

அன்புள்ள பொடிசுக்கு,

நேற்று இரவு மின்சாரம் போனபோது நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அம்மா சுவரோரம் பாயில், காலை நீட்டி. மாமா கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில். லாரியை நிறுத்திவிட்டு வந்து அப்போதுதான் குளித்திருந்தார். மாடி வீட்டு எக்ஸ்ரேக்காரர் சன்னலை ஒட்டி, கை வைத்த நாற்காலியில். அவர் மனைவி அவர் காலடியில், மடியில் யாருடைய ரவிக்கையோ, பாதி தைத்தபடி. நான் மேசையின் இந்தப் பக்கம், மெழுகுவர்த்திக்கு அருகில். மேசையின் அந்தப் பக்கம் உன் நாற்காலி. அது காலி. மாமா தன் ஈரத் துண்டை அதன் முதுகில் விரித்துப் போட்டிருந்தார்.

எது எங்கே இருந்தது என்று சொல்லாமல் அக்காவுக்கு எதையும் சொல்ல வராது, தபால் பிரிவில் வேலை பார்த்துப் பார்த்து மனுஷங்களையும் பிரித்து அடுக்குகிறாள் என்று நீ கேலி செய்வாய். செய்துகொள். ஆனால் இந்த முறை யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது முக்கியம். ஏன் என்று படித்தால் தெரியும். தயவுசெய்து முழுவதும் படி. நடுவில் எழுந்து போகாதே.

உன் கடிதம் நேற்று மாலைதான் வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்தேன். கபால நரம்புகள் பன்னிரண்டும் அவற்றின் வேலைகளும் உன் மண்டையில் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். கூட இருந்தவள் ஊருக்குப் போய்விட்டதால் எதிரில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, துண்டைப் போர்த்தி, அதையே நோயாளியாக வைத்துக்கொண்டு படிக்கிறேன் என்றும், ஒரு நாளைக்கு ஒரு நரம்பு கூட்டி எட்டுவரை வந்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தாய். "பெரியவர் ரொம்ப சமர்த்து, முனகாமல் உட்கார்ந்திருக்கிறார்" என்ற வரிக்கு அம்மா சிரித்தாள்.

"மண்டைக்குள்ள நரம்பு பன்னெண்டுதானா? எங்க முதலாளிக்கு ஒன்னுகூட இருக்காதே," என்றார் மாமா.

எக்ஸ்ரேக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "காலி நாற்காலியா?" என்று கேட்டார். கடிதத்தை வாங்கி அந்த இடத்தை மெழுகுவர்த்திக்கு அருகில் பிடித்துத் தானே படித்தார்.

அவர் மனைவி ஊசியை நிறுத்தினாள். "ஏங்க… வேணாம். ராத்திரி நேரத்துல அதைச் சொல்லாதீங்க."

அப்படிச் சொன்னால் மாமா விடுவாரா? "சொல்லுங்க சார். ராத்திரி பூரா தனியா வண்டி ஓட்டறவன் நான். எனக்கே பயம் காட்டறீங்களா, பாக்கலாம்."

அவர் சொன்னார். அவரோடு வேலை பார்க்கும் லேப்காரரின் தங்கைக்கு நடந்தது இது. அவர் சொன்ன வரிசை மாறாமல் எழுதுகிறேன். நரம்புகளைப் பற்றி உனக்குத் தெரிந்ததும் வரும், பொறுத்துக்கொள்.

ராத்திரி பதினொரு மணி. கல்லூரியிலிருந்து விடுதிக்குப் போகும் சாலை. ஒரு பக்கம் ஆஸ்பத்திரியின் பின்சுவர், மறுபக்கம் சலவைக் கொட்டகை. விளக்குக் கம்பங்கள் நிறைய உண்டு, எரிவது ஒன்றுதான். வெந்த துணி வாசமும் பினாயில் வாசமும் கலந்து நிற்கும் இடம். அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக, ஒரு மர நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்து வந்தாள்… டாக்டருக்குப் படிப்பவள். விடுதி அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அவளுக்கு இன்னொன்று வேண்டும்.

விடுதி வாசலில் காவலாளி மறித்தார்.

"யாருக்கும்மா நாற்காலி?"

"பேஷண்ட்டுக்கு."

"பேஷண்ட் எங்க?"

"வருவார். நாற்காலியைப் போட்டா தானா வருவார்."

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

முந்தைய வாய்மொழித் தேர்வில் இதே பன்னிரண்டு நரம்புகளைக் கேட்டபோது, நாலாவதில் வாயடைத்து நின்றவள் அவள். இந்தத் தடவையும் தவறினால் படிப்பு அத்தோடு முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விடுமுறை விட்டு விடுதி பாதி காலி. எதிரில் உட்கார வைத்துச் சோதித்துப் பழக ஆள் கிடையாது. அதனால் நாற்காலி.

அறை எப்படி என்றால்… அவள் நாற்காலி, பக்கத்து அறைச் சுவரை ஒட்டி. நோயாளி நாற்காலி, எதிர்ச் சுவரை ஒட்டி. அதன் முதுகில் ஒரு துண்டு, தோள் மாதிரி. நடுவில் ஒரு கை நீளம்.

அவள் படித்த முறை உன்னுடையதேதான். முதல் நாள் முதல் நரம்பு. மறுநாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி இரண்டு. அதற்கு மறுநாள் மூன்று. மனப்பாடமாகச் சொல்வது இல்லை. உண்மையான நோயாளியைக் கேட்பதுபோலவே கேட்பாள். எக்ஸ்ரேக்காரர் அதை எங்களுக்குச் செய்துகாட்டினார், உன் நாற்காலியைப் பார்த்து. ஈரத் துண்டு தொங்கியதால் இருட்டில் அது ஆள் மாதிரிதான் இருந்தது.

"கண்ணை மூடிக்குங்க. ஒரு பக்க மூக்கை அடைச்சுக்குங்க. இது என்ன வாசனை?" முதல் நரம்பு, முகர்வது.

"என் மூக்கையே பாருங்க. பக்கத்துல எத்தனை விரல் காட்டறேன்?" இரண்டாவது, பார்வை.

"தலையை ஆட்டாம, இந்தப் பேனா போற பக்கம் கண்ணை மட்டும் ஓட்டுங்க." மூன்றும் நான்கும், கண்ணை அசைப்பவை.

அந்தப் பெண்ணுக்கு அதிசயமாகப் படிப்பு ஏறியது. தனியாகச் சொன்னால் நாலில் தடுமாறுகிறவள், நாற்காலியைப் பார்த்துச் சொன்னால் தண்ணீராய்ச் சொன்னாள். முதல் நாலு நாளும் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைத்தாள்… நடந்திருந்தாலும் தெரிந்திருக்காது. முகர்வதற்கும் பார்ப்பதற்கும் சத்தம் கிடையாதே.

அவர் அப்படிச் சொன்னதும் அம்மா காலை மடக்கிக்கொண்டாள்.

ஐந்தாவது, முகத்தின் தொடு உணர்ச்சி, தாடையின் கடி. பஞ்சால் காற்றில் இரண்டு கன்னத்தையும் தொட்டுவிட்டு, "கடவாய்ப் பல்லை அழுத்திக் கடிங்க" என்றாள்.

…நறுக்.

எலி என்று நினைத்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். எலி இல்லை.

ஆறாவது மறுபடி கண், வெளிப்பக்கம் திருப்புவது. சத்தமில்லை. ஏழாவது, முகபாவம். "புருவத்தைத் தூக்குங்க. சிரிங்க. கன்னத்தை உப்பிக் காத்தை விடுங்க."

ப்ஸ்… என்று ஒரு சின்ன சத்தம். அவள் மடியில் இருந்த பாடப் புத்தகத்தின் தாள் ஒன்று எழும்பி, தானே திரும்பியது. சன்னல் சாத்தியிருந்தது.

"ஃபேன் காத்தா இருக்கும்," என்றார் மாமா.

"இருக்கும்ணே," என்றார் எக்ஸ்ரேக்காரர். அவ்வளவுதான். வாதாடவில்லை.

எட்டாவது, செவி. இடப்பக்கம் கையை நீட்டிக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் உரசினாள். "கேக்குதா?" நாற்காலி இடப்பக்கமாக லேசாக முனகியது. வலப்பக்கம் உரசினாள். வலப்பக்கம் முனகியது… பழைய மரம், ஈரக் காற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அந்த அறையில் வாய்க்குள் முணுமுணுத்தால்கூட யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்ததாம்.

ஒன்பதாவது, தொண்டை. ஒரு தம்ளர் தண்ணீரை எதிர் நாற்காலியின் மேல் வைத்து, "ஒரு மடக்கு முழுங்குங்க," என்றாள். மடக். அவள் அன்று தம்ளரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டு வந்தாள்.

இவ்வளவு ஆன பிறகும் ஏன் அங்கேயே இருந்தாள் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன்.

"எங்க போவாம்மா?" என்றார் எக்ஸ்ரேக்காரர். "தேர்வு நெருங்கிடுச்சு. அந்த நாற்காலி முன்னாடி மட்டும்தான் பாடம் வருது. உனக்கு அப்படி ஒன்னு கிடைச்சா நீ விடுவியா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியைச் சோதித்து முடித்ததும், "போதும். நீங்க போகலாம்" என்று சொல்லி அனுப்ப வேண்டும், தேர்வில் அதற்கும் மதிப்பெண் உண்டு, இல்லையா? உனக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்ததாக நீதான் எனக்கு எழுதியிருந்தாய். அந்தப் பெண் ஒரு நாள்கூட அதை நாற்காலியிடம் சொல்லவில்லை. சோம்பேறித்தனம் இல்லை. நல்ல மாணவி என்பதால்தான். பன்னிரண்டும் பார்க்காமல் நோயாளியை அனுப்பக் கூடாது என்பது பாடம். ஐந்தில் நின்றால், ஏழில் நின்றால், சோதனை முடியவில்லை. முடியாதவரை எப்படிப் போகச் சொல்வது? புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்வாள்… எதிரில் நாற்காலி அப்படியே இருக்கும்.

பத்தாவது நரம்பு, மண்டையிலிருந்து கிளம்பித் தொண்டை, நெஞ்சு, வயிறு என்று அலைந்து திரியும் நரம்பு. குரல் அதனுடைய வேலை.

"வாயைத் திறந்து 'ஆ' சொல்லுங்க."

இந்த இடத்தில் எக்ஸ்ரேக்காரர் உன் நாற்காலியைப் பார்த்து அதைச் சொல்ல, மாமா இருட்டிலிருந்து "ஆ…" என்றார். அம்மா அலறியே விட்டாள். "டேய், கட்டைல போறவனே!" என்று கையில் கிடைத்த விசிறியை அவர்மேல் எறிந்தாள். எல்லோரும் சிரித்தோம். எக்ஸ்ரேக்காரரும் கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அங்கயும் அப்படித்தான்," என்றார். "ஆனா அந்த அறையில மாமா யாரும் இல்ல."

ஆ…

நீளமாக, ஏறாமல் இறங்காமல், எதிர்ச் சுவர்ப் பக்கமிருந்து வந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். நாக்கு இல்லாத வாயில் அதைத் தவிர வேறு என்ன எழுத்து வரும்? மூச்சு வாங்க வேண்டிய நேரம் தாண்டியும் நிற்கவில்லை.

அவள் அடுத்த அறைக்கு ஓடினாள். அங்கே மூத்த மாணவி ஒருத்தி இருந்தாள். அன்று அங்கேயே படுத்தாள். காலையில் எல்லாவற்றையும் சொன்னாள். எலி, தாள், தம்ளர், எல்லாம். மூத்தவள் பல் துலக்கிக்கொண்டே சிரித்தாள்.

"பின்ன என்னடி? பேஷண்ட்டைப் பாதியில உக்கார வெச்சுட்டு வந்து நீ இங்க தூங்கினா, அவர் கூப்பிட மாட்டாரா? போய் முடிச்சு அனுப்புடி."

பகல் முழுக்க மூத்தவள் அறையிலேயே உட்கார்ந்து படித்துப் பார்த்தாள். நாலாவதில் நின்றது. திரும்பத் திரும்ப நாலாவதிலேயே நின்றது. விடிந்தால் தேர்வு. இருட்டியதும் தன் அறைக்கே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூத்தவள் அவளுக்குத் தேநீர் கொண்டு போனாள். கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பெண்ணின் பக்கவாட்டு முகம் தெரிந்தது. பதினொன்றாவதில் இருந்தாள். "நான் அழுத்தறேன். தோளைத் தூக்குங்க," என்று கையை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். காற்றில் நீட்டிய கை… எதன்மேலோ வைத்ததுபோல நின்றது. எதிர் நாற்காலியின் துண்டு, இரண்டு ஓரமும் ஒன்றாக, மெல்ல எழும்பிற்று. அவள் கையையும் சேர்த்துத் தூக்கிற்று. பிறகு இறங்கிற்று.

மின்விசிறிக் காற்று என்று நினைத்து மூத்தவள் தேநீரோடு திரும்பிவிட்டாள். விசிறி சுற்றவே இல்லை என்பது தன் அறைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டாள். மறுபடி போகவில்லை. அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் போயிருக்க மாட்டேன்.

ஆனால் சுவர் மெல்லிய சுவர். அந்தப் பெண்ணின் நாற்காலி அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது என்று முன்பே எழுதினேன். அதனால் அவள் பேசியது, காதோரம் பேசுவதுபோலக் கேட்டது.

"பன்னெண்டு. நாக்கை வெளிய நீட்டுங்க."

…

"இந்தப் பக்கம். அந்தப் பக்கம். சரி, உள்ள இழுத்துக்குங்க."

…

பிறகு அவள் மூச்சு இழுப்பது கேட்டது. சொல்ல வேண்டிய கடைசி வாக்கியத்துக்காக.

அதற்குள் அந்த வாக்கியம் வந்துவிட்டது. "போதும். நீங்க போகலாம்."

அந்தப் பெண்ணின் குரல்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சுவரை ஒட்டி வரவில்லை. தூரத்தில், எதிர்ச் சுவர்ப் பக்கமிருந்து வந்தது.

ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம். கதவு திறக்கும் சத்தம் இல்லை. அவ்வளவுதான்.

யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதா, பொடிசு?

மறுநாள் அவள் தேர்வுக்குப் போனாள். பன்னிரண்டையும் ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னாள். தேர்வாளர் கைகொடுத்துப் பாராட்டினார். ஒரே ஒரு மதிப்பெண்தான் போயிற்று. சோதித்து முடித்த நோயாளியை அனுப்ப மறந்துவிட்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள், யாரும் போகச் சொல்லாததால், தேர்வு நடந்த கூடத்தில் சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

லேப்காரர் தங்கையை அழைத்துவரப் போனார். அவள் வராந்தாவிலேயே நின்றுகொண்டாள், அறைக்குள் வரவில்லை. அவரே பெட்டியைக் கட்டினார். புத்தகங்களை எடுத்தார். கடைசியாக எதிர்ச் சுவரோரம் கிடந்த நாற்காலியிலிருந்து துண்டை உருவினார்…

ஆ…

மிகவும் சன்னமாக. இருமல்போல. அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். தங்கை சிறுமியாக இருந்தபோது பல் டாக்டரிடம் அவர்தான் அழைத்துப் போவார். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால், அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நடுங்கி நடுங்கி அவள் சொல்லும் 'ஆ' அது.

திரும்பினார். வாசலில் தங்கை நின்றாள். நல்ல களையாக, சிரித்த முகமாக.

"வாண்ணா போலாம். நாற்காலி நம்மளுது இல்ல. அங்கயே விட்டுடு."

எக்ஸ்ரேக்காரர் அத்தோடு நிறுத்திவிட்டார். அம்மாதான் கேட்டாள். "விட்டுட்டா வந்தாரு?"

"விட்டுட்டுத்தான்கா வந்தாரு. இப்பவும் எங்க கூடத்தான் வேலை பாக்கறாரு. தங்கச்சி பெரிய டாக்டர் ஆயிட்டா. வாரம் தவறாம அண்ணனைப் பாக்க வருவா." கொஞ்சம் யோசித்தார். "அவ வர்ற அன்னைக்கு மட்டும் மனுஷன் ஓவர் டைம் கேட்டு வாங்கிக்குவாரு."

அப்போது மின்சாரம் வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். அவர் மனைவி ஊசியைத் தேடினாள். மாமா, நகைச்சுவையாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். வண்டியைப் பூட்டினேனா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வாசலோடு திரும்பி வந்து அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டார். மாடிப்படி ஏறப்போன எக்ஸ்ரேக்காரரை நிறுத்தி, "பன்னிரண்டாவதுக்கு முன்னாடியே போகச் சொல்லிட்டா என்ன ஆகும் சார்?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னம்மா தெரியும்? நான் எலும்பைப் படம் எடுக்கறவன்," என்றார். நாலு படி ஏறி நின்று, "ஆனா உன் தங்கச்சிக்கு எழுதிடு," என்றார்.

இது கதையாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் இரவு வேலையில் இப்படி ஆயிரம் கட்டுவார்கள். நான் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் நேற்றிரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நீ எழுதியபோது எட்டு. உன் கடிதம் இங்கே வர இரண்டு நாள். பத்து ஆகியிருக்கும். இந்தக் கடிதம் உன் கைக்கு வர இன்னும் இரண்டு நாள். அதனால்தான் விடிந்ததும் தெருமுனைக் கடையிலிருந்து உன் விடுதிக்குத் தொலைபேசி செய்தேன். தேர்வு முடியும்வரை மாணவிகளைக் கூப்பிட மாட்டார்களாம். "வீட்டுல யாருக்காவது உடம்பு ரொம்ப முடியலையா?" என்று வார்டன் கேட்டார். யோசிக்காமல், இல்லை, எல்லோரும் சுகம் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் வைத்துவிட்டார். ஒரு பொய் சொல்ல எனக்கு வராமல் போயிற்று. மறுபடி செய்தால் எடுக்கவில்லை. முதல் தபால் எட்டரைக்குப் போகிறது. அதில் இது போயாக வேண்டும்.

ஆகவே சொல்வதைக் கேள். பதினொன்றோடு நிறுத்து. பன்னிரண்டாவதைப் புத்தகத்தில் பார், எழுதிப் பார், பகலில் காவலாளியிடம் வேண்டுமானாலும் சொல். அந்த நாற்காலியிடம் மட்டும் சொல்லாதே. சோதனை முடியாவிட்டாலும் பரவாயில்லை, அது சொல்லுமுன் நீ முந்திக்கொள். உட்கார்ந்தபடி சொல்லாதே, எழுந்து நின்று, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "போதும், நீங்க போகலாம்" என்று சத்தமாகச் சொல். பிறகு நாற்காலியை எடுத்துப் போய் எல்லோரும் சாப்பிடும் இடத்தில் போட்டுவிடு. யாராவது உட்காரட்டும்.

மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். இன்னொரு தடவை எழுதலாம். தேர்வில் ஜெயித்து ஒருத்தி வருவது எனக்கு வேண்டாம். தோற்றாலும் நீ வர வேண்டும்.

எனக்குப் பதில் எழுது. வழக்கம்போல என்னைக் கேலி செய்து எழுது. 'பைத்தியக்கார அக்காவுக்கு' என்று தொடங்கு. எச்சில் தொட்டு உறை ஒட்ட அருவருத்து, வீட்டில்கூட ஆபீஸ் மாதிரி கிண்ணத்தில் தண்ணீரும் ஸ்பாஞ்சும் வைத்திருக்கிறாள் என்று நீ எப்போதும் எழுதுவாயே, அதையும் எழுது. மரியாதையாக, பிழையில்லாமல் ஒரு கடிதம் வந்தால் நான் அதைப் பிரித்துவிட்டு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா சமையலறையில் இருக்கிறாள். மாமா வண்டி எடுத்துப் போய்விட்டார், துண்டை எடுக்காமல். இதை உன் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்துதான் எழுதி முடிக்கிறேன். நல்ல வெயில் அடிக்கிறது. தபால்தலை பீரோவில் இருக்கிறது. எடுத்து வந்து ஒட்டி, அனுப்பிவிடுகிறேன்.

உன் அக்கா.

(உறையின் பின்பக்கம்)

பொடிசு, இதைத் தபால் பெட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன். தபால்காரர் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கிறார். தபால்தலை எடுக்கப் போகும்போது கடிதத்தை உறைக்குள் போட்டு, மூடியைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது: எக்ஸ்ரேக்காரர் நேற்று உன் நாற்காலியைப் பார்த்துப் பன்னிரண்டையும் கேட்டார். விளக்கு வந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டோம். அதனிடம் யாரும் போகச் சொல்லவில்லை. உறையை எடுத்தேன். கிண்ணத்தில் தண்ணீர் இல்லை. ஸ்பாஞ்சு கல்லாகக் காய்ந்திருந்தது. மூடியின் பசை மட்டும் ஈரமாக இருந்தது, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஒரே இழுப்பில். இன்னும் சூடு ஆறவில்லை.